இன்னும் மணி ஆகவில்லை

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை. விட்டு விட்டு. துணி ஒன்றும் காயவில்லை. ஹாலில் கொடி கட்டி, குட்டித் துணிகள் எல்லாம் ஃபேனுக்குக் கீழே. வீடு முழுக்க டெட்டால் வாசனை.

கல்லறைத் திருநாள். அத்தை குடையோடு பெரிய மார்க்கெட் போய்ச் சாமந்தி வாங்கி, அங்கிருந்தே மாமாவின் கல்லறைக்கு. பதினொன்றரைக்குள் திரும்பிவிட்டார். பன்னிரண்டுக்குப் பாப்பாவுக்குப் பால், பன்னிரண்டரைக்கு எங்களுக்குச் சோறு. இந்த வீட்டில் செத்தவர்களும் அதற்குள் பூவை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட வேண்டும்.

ஜெரோமைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. ஆறரைக்கு ரொட்டி, பன்னிரண்டரைக்குச் சோறு, நாலுக்கு டீ, எட்டுக்கு இரவுச் சாப்பாடு. நடுவில் யாருக்குப் பசித்தாலும் தண்ணீர் குடிக்கலாம். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ரெட்டியார்பாளையத்தில் இந்த வீட்டைக் கட்டியதும் முதலில் உள்ளே வந்தது சுவர்க்கடிகாரம்தானாம், சாமி படம்கூட அடுத்த நாள்தானாம். ஜெரோம் சொல்வான். நான் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிற டீச்சர். எனக்கு ஒத்துப்போனது. உண்மையைச் சொன்னால் பிடித்தே இருந்தது.

பாப்பாவுக்கும் அதே முறை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம். வலது பக்கம் பத்து நிமிடம், இடது பக்கம் பத்து நிமிடம். போனில் அலாரம். அத்தை இதை 'ஓரேர்' என்பார், பிரெஞ்சில் நேர அட்டவணை. ஜெரோமை அப்படித்தான் வளர்த்தாராம். நடுவில் பாப்பா அழுதால் வாயில் 'சூசெத்'. ரப்பர் காம்பு. அதற்கும் அடங்காவிட்டால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு ஸ்பூன்.

முதல் பிரசவத்துக்கு நான் பாகூரில் அம்மா வீட்டில் இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன். அதனால் இங்கேயே.

பாப்பா இன்று நிறைய அழுதாள். மழைக்கு என்றார் அத்தை.

நவம்பர் 4, செவ்வாய்

பாப்பாவுக்கு ஒன்றரை மாத ஊசி போடும் நாள். மழை இல்லை, ஆனால் ரோடெல்லாம் குட்டை. ஆட்டோக்காரர் மூலக்குளம் வழியே சுற்றிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா பாப்பாவைத் தராசில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பழைய சீட்டைப் பார்த்தார். எடை ஏறவில்லை. ஏறியிருந்தாலும் சொல்ல வெட்கப்பட வேண்டிய அளவு. எனக்குக் காது சூடாகிவிட்டது. பரீட்சையில் ஃபெயிலான பிள்ளைகளின் அம்மாக்கள் எத்தனை பேரை எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். அந்த நாற்காலியில் இன்று நான்.

எப்போதெல்லாம் கொடுக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எவ்வளவு நேரம்? அதையும் சொன்னேன். அப்புறம் ஒரு கேள்வி.

"குடிக்கறத நிறுத்தறது யாரு? பாப்பாவா, நீங்களா?"

"அலாரம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்:

– மணி பார்க்க வேண்டாம். பாப்பாவைப் பார்க்கணும். கையைச் சப்பினாலோ, வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடினாலோ பசி. அழுகை கடைசி. அழும்வரை காத்திருக்கக் கூடாது.
– ஒரு நாளைக்கு எட்டு, பத்து, பன்னிரண்டு தடவைகூட ஆகும். ஒரே இடைவெளியில் வராது. சாயங்காலம் அடுத்தடுத்து கேட்பாள்.
– ஒரு பக்கம் அவளாக விடும்வரை. அப்புறம் அடுத்த பக்கம் காட்டணும். வேண்டுமென்றால் குடிப்பாள். அஞ்சு நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம்.
– முதலில் வருவது தண்ணியாக. போகப்போகத்தான் கொழுப்பு. பாதியில் இழுத்தால் அது போய்ச் சேராது.
– தண்ணீர் கூடாது. ஒரு ஸ்பூன்கூட. சூசெத்தும் இப்போது வேண்டாம்.
– நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பணும்.
– மூத்திரம் போன ஈரத்துணி ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறையக் கூடாது.

ஒரு வாரம். அடுத்த செவ்வாய் மறுபடி தராசு. அப்போதும் ஏறவில்லை என்றால் பவுடர் பால் சேர்க்க வேண்டிவரும்.

அதில் ஒன்றும் குற்றமில்லை என்றும் சொன்னார். எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேரின் பிள்ளைகள் டப்பாவில் வளர்ந்தவைதான், நன்றாக ஓடியாடுகின்றன. ஆனால் எனக்கு வேண்டாம். ஏன் என்று இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. பிள்ளை பிறந்ததும் உள்ளே பொங்கி வரும் என்றார்கள் எல்லாரும். பொங்கவில்லை. அவளைக் கையில் கொடுத்தபோது, சரி, வந்துவிட்டாள் என்று மட்டும் இருந்தது. வந்தது பால் ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் நான் அவளுக்கு யார்? குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் அத்தைக்கு என்னைவிட நன்றாக வருகிறது.

ஊசி போட்ட தொடையில் லேசான வீக்கம். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 5, புதன்

அலாரங்களை எல்லாம் அழித்தேன். எட்டு அலாரம். ஒவ்வொன்றாக அழித்தேன்.

காலையில் கொடுத்தேன். முக்கால் மணியில் மறுபடி கையைச் சப்பினாள். கொடுத்தேன். அத்தை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீன் கழுவப் போய்விட்டார். சட்டியைச் சத்தமாகக் கழுவினார்.

டாக்டர் சொன்னதை நேற்றே சொல்லியிருந்தேன். தலையாட்டினார். அத்தை தலையாட்டினால் சரி என்று அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்று அர்த்தம்.

மத்தியானம் நான் குளித்துவிட்டு வருகிறேன், பாப்பா வாயில் சூசெத். கண் இரண்டும் விரிய அதை வெட்டு வெட்டென்று சப்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. தலையில் துண்டோடு போய்ப் பிடுங்கினேன்.

"வேணாம்னு டாக்டர் சொன்னாங்க அத்தை."

"அழவுடச் சொன்னாங்களா?"

"என்னைக் கூப்புட்டிருக்கலாம்ல."

"குளிக்கிறவள எப்பிடிக் கூப்புடறது? பத்து நிமிஷம் தாங்காதா புள்ள?"

சூசெத்தைக் கழுவி, டம்ளரில் போட்டு, மூடி வைத்தார் அத்தை. தூக்கி எறியவில்லை. பன்னிரண்டரைக்குச் சோறு. வஞ்சிரம் குழம்பு. உப்பு கொஞ்சம் கூட. யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. மறுபடி துணி.

சாயங்காலம் மோசம். விளக்கு வைத்த நேரத்தில் பிடித்தவள், விட்டாள், அழுதாள், பிடித்தாள், விட்டாள், அழுதாள். எட்டு மணிச் சாப்பாடு தாண்டியும் அதே. எனக்கு இடுப்பு போயிற்று. இரண்டு பக்கமும் காலிப் பை போலத் தொங்குகிறது. இருந்தால்தானே வரும் என்று தோன்றியது. டாக்டர் சொல்லி எழுதி வைத்த வரி ஞாபகம் வந்தது, சாயங்காலம் அடுத்தடுத்து கேட்பாள் என்று. ஞாபகம் வந்து என்ன, மடியில் கத்துகிறவளுக்கு அது தெரியுமா.

அத்தை கதவோரம் நின்றார். "பால் பத்தல நிம்மி. இதுக்கு மேல புள்ளயப் பட்டினி போடாத."

ஜெரோம் அப்போதுதான் உள்ளே வந்தான். தொப்பலாக நனைந்து. பையிலிருந்து ஒரு டப்பா. பவுடர் பால். அம்மா போன் பண்ணிச் சொன்னாராம். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

"தொறக்கல நிம்மி. சும்மா இருக்கட்டும்னு வாங்கியாந்தேன்."

அப்புறம் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, தானும் பவுடரில் வளர்ந்தவன்தானே, இப்போது என்ன கெட்டுப்போயிற்று என்றான். அவன் அம்மாவுக்குப் பாலே இல்லையாம். ரெண்டாவது மாதமே 'பிபெரோன்'தானாம். புட்டிப்பால் என்று சொல்ல மாட்டார்கள் இந்த வீட்டில்.

அத்தை அடுப்படியிலிருந்தே, ஆமாம், எனக்கு வற்றிப்போச்சு, சில உடம்பு அப்படித்தான் என்றார். மழை பெய்கிறது என்பதுபோல.

டப்பா ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தால் நேரே தெரிகிறது. வேண்டுமென்றே அங்கே வைத்தார்களா என்று தெரியவில்லை. கடைசியில் தூங்கினாள். நானும் கொஞ்சம் அழுதேன். முகம் கழுவினேன்.

நவம்பர் 8, சனி

வெயில். எல்லாத் துணியும் மாடியில். நேற்று எழுதவில்லை. நேற்று என்ற ஒரு நாள் இருந்ததா என்றே சந்தேகம்.

ஹெச்.எம். வாட்ஸப். எட்டாம் வகுப்பு பி பிரிவில் கணக்கும் பி.டி.யும் ஒரே பீரியடில் மோதுகிறதாம். எப்படிச் சரிசெய்வது? வியாழன் நாலாவது பீரியடை மாற்றச் சொல்லிப் பதில் போட்டேன். பாப்பா மடியில். ஒரு கையால் டைப். அந்தக் காரியம் மட்டும் சுலபமாக இருந்தது.

அம்மா போன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மணி பார்த்துக் கொடுத்தேன் என்றதும் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, கறவைக்காரன் கன்னுக்குட்டிய உட்டு இழுத்துக் கட்டுவானே, அதயா நீ பெத்த புள்ளைக்குப் பண்ண?"

எனக்குக் கோபம் வந்தது. நீங்களே மாடு வளர்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிடலாம் போல. வைக்கவில்லை. ஏனென்றால் சரியாக அதைத்தான் செய்திருக்கிறேன். எங்கள் கொட்டகையில் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கன்று நாலு முட்டு முட்டும், பால் இறங்கும், உடனே இழுத்து முளையில் கட்டிவிடுவார்கள். அது கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். மாட்டுக்காவது கறக்க ஆள் இருந்தது. இங்கே இழுத்துக் கட்டினேன், யாருக்காக?

அம்மா அடுத்த மூச்சில் வசம்பு உரசி நாக்கில் தடவு, சர்க்கரைத் தண்ணி ரெண்டு சொட்டு விடு என்றார். அதுவும் கூடாதாம் அம்மா என்றேன். அப்போ நீங்க படிச்சவங்க, உங்க இஷ்டம் என்று வைத்துவிட்டார். ஆக இரண்டு பக்கமும் எனக்குத் திட்டு.

இன்று கவனித்தது. முதலில் வேக வேகமாக இழுக்கிறாள். அப்புறம் நிதானம். தாடை இறங்கி, ஒரு நிறுத்தம், தொண்டையில் 'க்' என்று ஒரு சத்தம். பிறகு நடுநடுவே ஓய்வு. தூங்குகிறாள் என்று தோன்றும், மறுபடி இழுப்பாள். இந்த மெதுவான பாதியைத்தான் நான் ஒன்றரை மாதமாக விளையாட்டு என்று நினைத்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் முதல் தடவையாக அவளாகவே விட்டாள். கை விரிந்து விழுந்தது. வாய் ஓரம் ஒரு கோடு பால். சாராயக்கடையிலிருந்து வெளியே வரும் ஆள் மாதிரி ஒரு முகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனேன்.

ஈரத்துணி: ஏழு. ஜெரோமுக்கு மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் அனுப்பினான்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து அத்தை வரும்போது மேகம் கட்டியிருந்தது. மாடித் துணிகளை அள்ளிவந்து மடித்தோம், இரண்டு பேரும். பாப்பா என்னிடம் குடித்துக்கொண்டிருந்ததால் நான் ஒற்றைக் கையால்.

அத்தை புதன்கிழமையிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார். இன்று அவராகவே ஆரம்பித்தார். ஜெரோம் பிறந்தது பிரான்சில் ஏதோ ராணுவ ஊரில், பனிக்காலத்தில். மாமா வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அக்கம்பக்கம் தமிழ் ஆள் கிடையாது. அத்தைக்கு அப்போது இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. பிரெஞ்சு அரைகுறை. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு தாளில் மணிகளை எழுதிக் கொடுத்து, அடுப்புக்கு மேலே ஒட்டச் சொன்னாளாம். நடுவில் தூக்கினால் பிள்ளை கெட்டுப்போகும், பழக்கம் கெட்டுவிடும் என்றாளாம்.

"புள்ள அழுவான். நான் அடுப்படியில போய் தண்ணிக் குழாயத் தொறந்து உட்ருவேன். காதுல விழாம இருக்க." ஒரு துணியை நாலாக மடித்தார். "அவன் அழுதா இங்க ரவிக்கை நனைஞ்சிடும். ரெண்டு பக்கமும். மாத்தி மாத்திப் போடுவேன். என்னா பண்றது, மணி ஆவலையே."

அப்புறம் இரண்டாவது மாதம் ரவிக்கை நனைவது நின்றுபோயிற்றாம். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, உனக்குப் பால் இல்லை என்றாளாம்.

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. துணி மடிக்கிற முகம். நனைந்ததையும் சொல்கிறார், பால் இல்லை என்பதையும் சொல்கிறார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக.

நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜெரோமுக்கு முன்னந்தலையில் நரை வந்துவிட்டது.

பாப்பா விட்டாள். அடுத்த பக்கம் மாற்றினேன். அத்தை கடிகாரத்தைப் பார்க்காதது போல் பார்த்தார்.

நவம்பர் 10, திங்கள்

சொல்ல ஒன்றுமில்லை. நாளை தராசு.

பாப்பாவின் தொடையில் ஒரு மடிப்பு புதிதாக இருக்கிறதா? எனக்கு இருப்பதுபோல் தெரிகிறது. ஜெரோம் இருக்கு என்றான். அவன் எதைக் கேட்டாலும் இருக்கு என்பான். அத்தையைக் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

பயமாக இருக்கிறது. இதைத் தவிர வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

சமையல் கேஸ் தீர்ந்தது. புது சிலிண்டர் மாற்றியது அத்தை.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். ஜெரோமுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. அத்தை தானே வருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டார்.

தராசு. டாக்டரம்மா எடுத்து மறுபடி வைக்கவில்லை. ஒரே தடவைதான். ஏறியிருக்கிறது. எதிர்பார்த்ததற்கு மேலேயே. பவுடர் வேண்டாம், இப்படியே போகட்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், இரண்டு வாரத்தில் பார்க்கலாம் என்றார். நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. பாப்பாவின் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுவிட்டேன், அது ஞாபகம் இருக்கிறது.

எழுந்திருக்கப் போகும்போது அத்தை கேட்டார். அவர் டாக்டர்களிடம் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"மணி பாத்துக் குடுத்தா பால் வத்திடுமா டாக்டர்?"

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "வத்தும்மா. புள்ள எவ்ளோ எடுக்குதோ அவ்ளோதான் ஊறும். எடுக்க உடலன்னா, தேவையில்லன்னு உடம்பு நிறுத்திடும்."

யாரைப் பற்றிய கேள்வி என்று அவருக்குத் தெரியாது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அத்தை தலையாட்டினார்.

ஆட்டோவில் திரும்பினோம். இந்திரா காந்தி சிலையருகே டிராபிக். பாப்பா கையைச் சப்ப ஆரம்பித்தாள். அத்தை தன் முந்தானையை எடுத்து என் தோளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார், வீடு வரும்வரை. கொடு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் யாரும் உட்கார மாட்டார்கள், பை வைக்கிற நாற்காலி அது.

"அப்ப எனக்கு இருந்திருக்கு."

"இருந்துச்சு அத்தை."

"நெறைய."

"ஆமாம் அத்தை. நெறைய."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அழவில்லை. எழுந்து போய் அடுப்படிக் குழாயைத் திறந்தார். உடனே மூடிவிட்டார்.

பன்னிரண்டரைக்குச் சோறு இல்லை இன்று. ஒன்றரைக்குச் சாப்பிட்டோம். ஃபிரிட்ஜ் மேலே டப்பா இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு ஜெரோம் வந்தான். எடை ஏறியது போனிலேயே தெரியும், லட்டு வாங்கி வந்திருந்தான். நேரே பாப்பாவிடம் வந்தான். அத்தை அவனை நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், நரை, தொப்பை, ஈர ஷூ எல்லாவற்றையும். பிறகு உள்ளே போனார். தட்டு வைக்கும் சத்தம். சுடச்சுடச் சோறு, முட்டைப் பொரியல், மத்தியானக் குழம்பு.

ஜெரோம் தட்டைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னும் மணி ஆவலையேம்மா."

"பசிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லு."